தேரியில் வண்டி ஓட்ட யாரைக் கேட்க வேண்டும்?

சாத்தான்குளம், காயாமொழி, திசையன்விளைப் பக்கத்துச் சாலைகளில் விடுமுறை நாள்களில் ஒரு வகை வண்டிகளை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். பல் பல்லாக வெட்டிய டயர், தூக்கிக் கட்டிய உடல், கூரையில் வரிசையாக விளக்குகள், பின்னால் மண்வெட்டியும் இழுகயிறும். தேரி என்னும் செம்மணல் மேடுகளில் ஏறி இறங்கிப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் இவர்கள். பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளுக்கு நடுவிலும், மணிமுத்தாற்று மலையடிவாரத்திலும், கோடையில் வறண்டு கிடக்கும் குளங்களுக்குள்ளும் இதே ஆட்டம் நடக்கிறது. ஜீப், மண்தரையில் ஓட்டும் டர்ட் பைக், எந்தத் தரையிலும் ஓடும்படி செய்த, குட்டியாக உறுமும் நான்கு சக்கர ஏடிவி என்று வகை பல. "யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இது சும்மா கிடக்கும் இடம்தானே, அண்ணாச்சி" என்று பதில் வரும்.

சும்மா கிடக்கும் இடம் என்று ஒன்று திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. முள் மட்டுமே முளைத்த துண்டு நிலத்துக்கும் ஒரு புல எண் உண்டு, ஒரு வகைப்பாடு உண்டு, அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலகம் உண்டு. ஓட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அந்த வகைப்பாடுதான். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. குற்றாலத்தில் கிளம்பி உவரியில் குளித்துவிட்டுத் தேரியில் வண்டி ஏற்றினால், ஒரே நாளில் மூன்று ஆட்சியர்களின் எல்லைக்குள் போய்வந்ததாக ஆகும். ஒருவர் தந்த அனுமதி அடுத்தவர் எல்லையில் செல்லாது.

இந்தப் பொழுதுபோக்கு பெருகி வளர்ந்த அமெரிக்காவில் விதிகளை வேறு விதமாகக் கட்டினார்கள். 1972-இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, கூட்டரசின் நிலங்களில் எந்தப் பகுதி, எந்தத் தடம் இத்தகைய வண்டிகளுக்குத் திறந்தது, எது மூடியது என்று முன்கூட்டியே குறித்தாக வேண்டும் என்றது. 1977-இல் கார்ட்டர் அதை இறுக்கினார். மண்ணுக்கோ செடிக்கோ விலங்குக்கோ பெருங்கேடு தெரிந்தால் உடனே மூடலாம் என்று சேர்த்தார். கலிபோர்னியாவில் சாலைக்கு வராத வண்டிக்கென்றே தனிப் பதிவும் பச்சை ஸ்டிக்கரும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் சிற்றூர் நிர்வாகமே தீர்மானம் போட்டு, தன் சாலைகளில் எவற்றில் ஏடிவி போகலாம் என்று பலகை நட்டுவிடுகிறது. வண்டியின் வடிவத்திலும் கை வைத்தார்கள்: கவிழ்ந்து கவிழ்ந்து ஆள்களைக் கொன்ற மூன்று சக்கர ஏடிவியின் விற்பனை 1988-இல் நீதிமன்ற உடன்பாட்டின் வழியே நின்றுபோனது.

நம் சட்டத்தில் பொழுதுபோக்கு வண்டி என்றொரு வகையே இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டிகளை இரண்டாகத்தான் பார்க்கிறது: சாலைக்கு ஏற்றது, ஏற்காதது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புக்குள்ளோ மட்டும் ஓடும்படி அமைந்த சிறப்பு வண்டிக்கு அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது. மற்றதெல்லாம் மோட்டார் வாகனம், பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் பொது இடத்தில் மட்டுமல்ல, "வேறு எந்த இடத்திலும்" ஓட்டக் கூடாது என்கிறது 39-ஆம் பிரிவு. இந்தியாவில் விற்பனையாகும் ஏடிவிகளில் பெரும்பாலானவையும், பந்தயத்துக்கென்றே செய்த டர்ட் பைக்குகளும் சாலைக்கான தகுதிச் சான்று பெறாதவை. அவற்றை எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும் நம்பர் கிடைக்காது. போலாரிஸ் நிறுவனம் தன் ஏடிவி மாடல் ஒன்றை விவசாய டிராக்டர் கணக்கில் அங்கீகாரம் வாங்கிச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஆகச் சட்டத்தின் கண்ணில் அதுவும் உழவு வண்டிதான். பதிவில்லாத மற்றவற்றுக்கு இடம் வேலி போட்ட தோப்பு, சுற்றுச்சுவர் எழுப்பிய வளாகம், அவ்வளவே.

பதிவுள்ள ஜீப்பும் பைக்கும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதியடைய வேண்டாம். "ரோடே இல்லாத இடத்தில் ரோட்டு விதி எதற்கு?" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சாலையைப் பற்றிப் பேசவில்லை, பொது இடத்தைப் பற்றிப் பேசுகிறது. தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் எந்த இடமும் பொது இடம். உவரிக் கடற்கரை பொது இடம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலைச் சுற்றிப் பங்குனி உத்திரத்துக்குச் சனம் கூடும் திடலும் பொது இடம். அங்கெல்லாம் ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட், மூன்றாம் நபர் காப்பீடு, நம்பர் பிளேட் எல்லாமே வேண்டும். கண்மூடித்தனமாக ஓட்டினால் வழக்கும் உண்டு. வண்டியை உயர்த்துவது, பெரிய டயர் போடுவது, சைலன்சரை மாற்றுவது ஆகியவை தனிக் கதை. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, தேரி ஏறுவதற்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி, தேரிக்குப் போகும் தார்ச் சாலையிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

இனி தரைக்கு வருவோம். வீட்டுமனை வாங்குகிறவர்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்ப்பார்கள். வண்டி ஓட்டக் கிளம்புகிறவர்கள் பார்க்க வேண்டியது, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் 'அ' பதிவேடு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தாலும் அந்த வரி வந்துவிடும். பட்டா நிலம் என்றால் நன்செய் அல்லது புன்செய், பரப்பு, தீர்வை எனும் நிலவரி, பட்டா எண் எல்லாம் நிரம்பியிருக்கும். அரசு நிலம் என்றால் ஓரிரு சொற்கள்தான்: வண்டிப்பாதை, ஓடை, குளம், மேய்க்கால், களம், சுடுகாடு, பாறை. அல்லது தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. பொதுவாகப் 'புறம்போக்கு' என்று ஒரே பெயரில் எல்லோரும் கையசைத்துவிடும் நிலம் பதிவேட்டில் இத்தனையாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய ஆளும் வேறு.

வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால் அதில் போகத் தடையில்லை. ஆனால் அந்தப் பாதைக்கும் அகலம் உண்டு; புலப்படத்தில் இரண்டு கோடுகளாக அளந்து வரைந்திருப்பார்கள். சேறு கண்ட இடத்தில் பக்கத்து வயலுக்குள் இறக்கி ஏற்றினால் அது பாதை அல்ல, அடுத்தவர் பட்டா. மானாவாரி நிலத்தில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. சங்கரன்கோவில், மானூர்ப் பக்கத்துக் கரிசலில் வேலி போடும் வழக்கம் குறைவு. சித்திரையில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். கோடை மழைக்குப் பிறகு உழுது போட்டிருக்கும் அந்த மண்ணில் ஜீப் நான்கு முறை குறுக்கே ஓடினால் இறுகிப்போகும். சம்சாரி மறுபடி உழவுக் கூலி கொடுக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை என்று தோன்றும். இரண்டு பனைமரம் தள்ளி ஆட்டுக்கிடை போட்டிருக்கும் கீதாரி பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பொழுது சாய்வதற்குள் சேதி ஊருக்குப் போய்விடும்.

பட்டா நிலத்தின் வழியே காலங்காலமாக நடைபாதை இருக்கிறது என்றால்? 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்துக்கு இதில் தெளிவான விடை உண்டு. இருபது ஆண்டு தடையின்றிப் போய்வந்த வழிக்கு உரிமை வரும். ஆனால் அந்த உரிமை எந்த நிலத்துக்குப் போவதற்காக ஏற்பட்டதோ அதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டும். தன் தோட்டத்துக்கு மாட்டுவண்டி ஓட்டிப்போகிறவரின் வழியுரிமை, அவருடைய மருமகனின் நண்பர்கள் பத்துப் பேர் பைக் பந்தயம் விடுவதற்கு நீளாது. காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் நேர்த்தியான சரளைப் பாதைகளைப் பற்றியும் இதே பேச்சுத்தான். பார்க்க அரசுச் சாலை போலவே இருக்கும். பெரும்பாலும் இறக்கையும் கோபுரமும் கொண்டுபோவதற்காக நிறுவனங்கள் விலைக்கோ குத்தகைக்கோ வாங்கிப் போட்டவை. காவலாளி வெளியே போகச் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல் வழக்காக மாறும்.

மேற்கே போகப் போக விதி கடுமையாகும். முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. இரண்டும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. வடக்கே தென்காசிப் பக்கம் 2015 முதல் நெல்லை வனவுயிரினச் சரணாலயம். இங்கெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆள்கிறது. சரணாலயத்தின் வழியே செல்லும் பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவருக்கு அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. தார்ச் சாலையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் அந்த விலக்குப் போய்விடும். அனுமதியின்றி நுழைந்தவர் ஆகிவிடுவார். 2022 திருத்தத்துக்குப் பின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. மாஞ்சோலைச் சாலையில் மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் நிறுத்திக் காகிதம் கேட்பதன் பின்னணி இதுதான்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. பிள்ளை குட்டியோடு நேர்ச்சை செலுத்தப் போகிறவர்களையே அண்மை ஆண்டுகளில் சொந்த வண்டியை அகஸ்தியர்பட்டியில் விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறச் சொல்கிறார்கள். குலசாமிக்கே இந்த நிலைமை என்றால், பொழுதுபோக்குக்கு வந்த ஜீப் வரிசைக்குத் தனிச்சலுகை கேட்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மலைக்காடு பற்றியாவது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. சமவெளியில் சிறியவையாகக் கிடக்கும் சரணாலயங்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். வல்லநாட்டில் வெளிமான்களுக்காக 1987-இல் அறிவித்தது 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் 2013-இல் வந்தது; 300 ஹெக்டேர்கூட இல்லை, நெல்லை நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கூந்தன்குளம் 1994-இல். பார்ப்பதற்குக் கருவேலமும் உடைமரமும் முளைத்த வெறுங்காடாகவோ நீர் வற்றிய குளமாகவோ இருக்கும். மானுக்கும் நாரைக்கும் அது போதுமானதாக இருக்கிறது, சட்டத்துக்கும்தான். முண்டந்துறைக்குள் நுழைந்தால் எந்தச் சட்டமோ, கூந்தன்குளத்துக்குள் வண்டி இறக்கினாலும் அதே சட்டம்.

தேரி இவற்றுக்கு நடுவில் ஒரு குழப்பமான இடம். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். விளிம்பில் பட்டா நிலம், முந்திரித் தோப்பு, பனங்காடு, கோயில் நிலம். நடுவே தார்ச் சாலையும் போகிறது. எல்லைக்கல் மணலுக்குள் புதைந்து கிடந்தால் எங்கே காடு தொடங்குகிறது என்று தெரியாது என்பது மெய்தான். ஆனால் தெரியாது என்பது வனச்சரகர் முன்னால் எடுபடும் வாதம் அல்ல. போகும்முன் திருச்செந்தூர்ப் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

தேரி மண்ணைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்தக் கெடுபிடியின் காரணம் விளங்கும். இரும்புச் சத்துப் படிந்து சிவந்த நுண்மணல் அது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மேலே ஒரு மெல்லிய ஓடு படிகிறது. விரலால் தட்டினால் உடைந்துவிடும் அளவு மெல்லியதுதான், ஆனால் கீழே உள்ள தளர்மணலை அதுதான் பிடித்துவைக்கிறது. அதன்மேல் கொடியும் புல்லும் வேர் விடுகின்றன. பல் டயர் ஒரு முறை ஏறி இறங்கினால் ஓடு பிளந்து இரண்டு நீள வாய்கள் திறக்கும். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று அந்த வாயைத்தான் முதலில் பிடிக்கும். ஒரு காலத்தில் தேரி மணல் நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடிய கதைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். உடைமரமும் பனையும் முந்திரியும் வைத்து மணலைக் கட்டிப்போட்டதில் வனத்துறைக்கும் ஊர்க்காரர்களுக்கும் சம பங்கு இருக்கிறது. அந்த உழைப்பின்மேல்தான் சக்கரம் ஏறுகிறது.

தேரிக்கு இன்னொரு முகமும் உண்டு. இந்த மண்ணுக்குள் விரல்நகம் அளவே உள்ள கல் கருவிகள் கிடக்கின்றன. நிலவியலாளர் புருஸ் ஃபூட் காலத்திலிருந்தே ஆய்வாளர்கள் கவனித்தவை இவை. சாய்னரும் ஆல்சினும் 1956-இல் திருநெல்வேலி மாவட்ட நுண்கற்கருவி இடங்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் 'தேரிப் பண்பாடு' என்ற பெயரே தொல்லியலில் நிலைத்துவிட்டது. கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணிக்க முடியும். அடுக்கு கலைந்துவிட்டால் எஞ்சுவது வெறும் கல்சில்லு.

கடற்கரையில் நிலைமை சற்று வேறு. அலை ஏறும் கோட்டிலிருந்து உள்நோக்கிக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கையும் அதை மாற்றிய 2019 அறிவிக்கையும் மணல்மேடுகளைக் குலைப்பதைத் தடை செய்கின்றன. மணல்மேடும் ஆமை முட்டையிடும் இடமும் அந்த மண்டலத்தில் மிகக் கடுமையான பிரிவுக்குள் வருகின்றன. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து நூறு முட்டை போல இட்டுப் போகும். பொரிக்க ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் ஆகும். மேலே வண்டி ஓடினால் மணல் இறுகும், முட்டை நசுங்கும். அது தப்பினாலும், குஞ்சுகள் கடலை நோக்கி நகரும்போது டயர் விட்டுச்சென்ற பள்ளம் அவற்றுக்கு ஒரு வாய்க்கால். அதற்குள் விழுந்து பக்கவாட்டிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். விடிந்தால் காக்கை. இந்த ஆமை வனவுயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கடற்கரை விதி கையை விட்டாலும் அந்தச் சட்டம் விடாது.

கடலோர ஊர்களின் கோபத்துக்கு ஆமை மட்டும் காரணம் அல்ல. காயப்போட்ட வலை, மேட்டில் ஏற்றிவைத்த வள்ளம், கருவாட்டுப் பாய் இவையெல்லாம் விரிந்து கிடக்கும் முற்றம் அது. போதாக்குறைக்கு, தாது மணல் அள்ளும் லாரித் தடங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கரை. 2013-இல் அரசு அந்தத் தொழிலுக்குத் தடை போட்டது. சந்தேகம் மட்டும் ஊர்க்காரர் மனத்தில் தங்கிவிட்டது. மணலில் புதுத் தடம் கண்டால் முதலில் எழும் கேள்வி "யார் அள்ளினார்கள்?" என்பதுதான். தாமிரபரணி ஆற்றுப் படுகையிலும் அப்படியே. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் ஆற்று மணல் அள்ளத் தடை விதித்த வரலாறு உள்ள ஆறு இது. நான்கு சக்கர வண்டி இரவில் ஆற்றுக்குள் இறங்கினால், பொழுதுபோக்கு என்று விளக்கம் சொல்வதற்குள் காவல் நிலையம் வந்துவிடும்.

கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், குலசேகரன்பட்டினம் ஏவுதளப் பணியிடம் ஆகியவற்றின் வேலியோரம் பற்றி ஒன்றுதான் சொல்லலாம்: அங்கே கேள்வி கேட்பவர் கிராம நிர்வாக அலுவலராக இருக்கமாட்டார்.

வறண்ட குளத்தைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். நீர்நிலைப் புறம்போக்கில் ஓட்டுவதால் என்ன கேடு, வெறும் களிமண்தானே என்பார்கள். குளத்தின் உட்பரப்பான உள்வாயைவிடக் கரைதான் கவலை. சரிவில் ஏறிக் கரைமேல் நிற்பது ஓட்டுகிறவருக்குப் பெரிய சாகசம். ஒரே இடத்தில் பத்து வண்டி ஏறினால் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் விழும். ஐப்பசி மழைநீர் அந்தப் பள்ளத்தைத் தன் வழியாக்கிக்கொள்ளும். குளம் நிரம்பும் வேளையில் கரை இளகி நிற்கும். மடைக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். பாசன நீர் குறையும்படி கேடு செய்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அதே அளவுதான் இருந்தது. குளத்துத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் சட்டப் புத்தகம் புரட்டுவதில்லை. கரையில் டயர் தடம் கண்டால் நீர்ப்பாய்ச்சி மூலம் ஊர்க்கூட்டம் கூடிவிடும்.

இத்தனை தடையையும் சொல்லிவிட்டு, எங்கேயும் ஓட்டாதே என்று முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓட்டும் ஆசை தப்பல்ல. அதற்கு ஒரு தரை வேண்டும், அவ்வளவுதான். நம் சட்டத்திலேயே அதற்கு ஒரு சாவி கிடக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலம், களம், வண்டிப்பாதை, தோப்பு போன்ற சில புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. குளத்தின் மீதோ காட்டின் மீதோ இந்த அதிகாரம் செல்லாது. ஆனால் ஊருக்கு வெளியே போகும் இந்த வண்டிப்பாதையில் பள்ளி விடும் நேரத்தில் கூடாது, மழைக்காலத்தில் கூடாது, இத்தனை வண்டிக்கு மேல் கூடாது என்று நெறிப்படுத்தத் தொடங்கும் இடம் இதுதான். விஸ்கான்சின் ஊர்க்காரர்கள் செய்வதற்கு நம்மிடம் மிக அருகில் வருவது இந்த வழியே. தடை கேட்டு மனுக் கொடுக்கும் கிராமசபைகள், இப்படியொரு நெறிமுறை கேட்டும் தீர்மானம் போடலாம்.

பட்டா நிலத்தில் தனியார் தடம் அமைப்பது இன்னும் நேரான வழி. விளைச்சலுக்கு ஆகாத சரள் நிலம் வள்ளியூர், பணகுடிப் பக்கத்தில் எவ்வளவோ கிடக்கிறது. வேலி, ஒற்றைவழித் தடம், தலைக்கவசம், முதலுதவி, வண்டிப் பராமரிப்புப் பதிவு இவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்று 2018-இல் வந்த இந்தியச் சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் ஏடிவிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல; ஆனால் விபத்து நடந்து வழக்கு வரும்போது, நடத்தியவர் கவனமாக இருந்தாரா என்று அளக்க இதுவே அளவுகோலாக வந்து நிற்கும்.

போட்டி என்று அறிவித்துவிட்டால் கணக்கே வேறு. பொது இடத்தில் வண்டிகளுக்குள் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த மாநில அரசின் எழுத்துமூலமான இசைவு வேண்டும். இல்லாவிட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு ஆட்சியர் அலுவலகம், கால்நடைத் துறை, காவல்துறை என்று படியேறிப் பழகிய ஊர்கள் நம்முடையவை. மோட்டார் பந்தயத்துக்கு மட்டும் அது எதற்கு என்று விழா நடத்துகிறவர்கள் கேட்பது வேடிக்கை.

காப்பீட்டுப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஒழுங்கு செய்த பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை இவற்றுக்கு வண்டி பயன்பட்டால் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். நண்பர்கள் சேர்ந்து மேடேறிப் பார்த்தது சோதனையா, சும்மாவா என்பதை நிறுவனத்தின் வழக்கறிஞர் தனக்குச் சாதகமாகத்தான் வாதிடுவார்.

கடைசியாக, கடற்கரையிலும் பொருட்காட்சித் திடலிலும் கால்மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் குட்டி ஏடிவிகள். பத்து வயதுப் பிள்ளை ஓட்ட, அப்பா பின்னால் கைபேசியில் படம் எடுத்தபடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடைத்த திடலுக்குள் என்றால் நடத்துகிறவரின் பொறுப்போடு போகும். திறந்த கடற்கரை பொது இடம். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகள்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. வாடகை ஏடிவிக்கு ரத்து செய்யப் பதிவே இருக்காது. மற்ற மூன்றும் அப்படியே பொருந்தும்.